கன்று 40 கிலோ இருக்குமாம்: முர்ரா ஊசி பேக்கேஜ், வாங்கிப் பார்த்தவள் சொல்வது

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை பார்க்கப் போகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், எங்களைப் போல எருமை, மாடு பார்க்கப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்தில்தான் அந்த நோட்டீஸைக் கொடுத்தார்கள். சுருட்டைக் கொம்போடு பளபளவென்று ஒரு முர்ரா கிடா (முர்ரா என்பது நிறையப் பால் கறக்கிற எருமை இனம், கிடா அதில் ஆண்), அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் "பிறக்கும்போதே 40 கிலோ! மூன்றே மாதத்தில் 90 கிலோ!" என்று இருந்தது. கம்பெனி பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே மாதிரி பேக்கேஜைப் பல பேர் பல பெயரில் விற்கிறார்கள், நான் சொல்வது பெரும்பாலும் எல்லாருக்கும் பொருந்தும்.

ஒரு எருமைக்கு 3,500 ரூபாய். அதற்கு என்ன தருகிறார்கள் என்றால், இரண்டு ஸ்ட்ரா (கிடாவின் உறைய வைத்த விந்து அடைத்த சின்னக் குழாய்; முதல் ஊசியில் சினை நிற்காவிட்டால் இரண்டாவது), வீட்டுக்கே வந்து சினை ஊசி போடுவது, தாய்க்கு மினரல் மிக்சர் பாக்கெட், கன்றுத் தீவனம் 25 கிலோ மூட்டை ஒன்று, மார்புச் சுற்றளவை வைத்து எடை பார்க்கும் டேப் ஒன்று, ஒரு வருஷத்துக்குப் போன் ஆலோசனை. நாங்கள் மூன்று எருமைக்கு எடுத்தோம். கன்றுகள் பிறந்து, இரண்டு கிடேரிகள் (பெண் கன்றுகள்) ஒரு வயதைத் தாண்டிவிட்டன. அதனால் இப்போது எழுதினால்தான் ஏதாவது பிரயோஜனம் இருக்கும். ஊசி போட்ட மறுவாரமே ஐந்து ஸ்டார் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். எருமைக்குச் சினைக்காலமே பத்து மாசமும் பத்து நாளும். பசுவை விட ஒரு மாசம் கூட.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஊசி போட வந்த தம்பி வேலை தெரிந்தவர். எருமை பருவத்துக்கு வந்தால் மாடு மாதிரி ஊரைக் கூட்டாது. ராத்திரியில் லேசாக ஒரு உறுமல், கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஒழுக்கு, அவ்வளவுதான். வெயில் காலத்தில் அதுவும் இருக்காது. விடிகாலையில் போன் செய்தால், பால் கறந்து சொசைட்டிக்குப் போவதற்குள் வந்து நின்றார். நைட்ரஜன் கேனிலிருந்து ஸ்ட்ராவை எடுத்து, வெந்நீரில் தெர்மாமீட்டர் வைத்து 37 டிகிரி பார்த்து, வாட்ச்சைப் பார்த்து அரை நிமிஷம் விட்டு எடுத்தார். உள்ளங்கையில் தேய்த்து உருக்குகிறவர்களையும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மைனஸ் 196 டிகிரியில் இருந்த சரக்கு அது. அந்த அரை நிமிஷத்தில் கெட்டுப்போனால் அப்புறம் கிடாவின் பரம்பரையைப் பேசி என்ன ஆகிறது? மூன்றில் இரண்டு எருமை முதல் ஊசியிலேயே நின்றது. இந்த வேலைக்கு முழு மார்க்.

ஸ்ட்ராவின் மேலே கிடாவின் எண், இனம், தயாரித்த நிலையத்தின் குறி, தேதி எல்லாம் அச்சடித்திருக்கும். மூன்றுக்கும் ஒரே கிடா எண்தான் வந்தது. நான் அதைப் பழைய நோட்டில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தேன். காரணம், மூன்று எருமையில் ஒன்றான எங்கள் ராணி, முன்பு போட்ட முர்ரா ஊசிக்குப் பிறந்தவள். அப்பன் ஊசியையே மகளுக்குப் போட்டுவிடக் கூடாது. நெருங்கிய ரத்தத்தில் பிறக்கிற கன்று சின்னதாக இருக்கும், பிழைப்பதும் சிரமம். இது வேறு கிடா. ஆனால் கம்பெனியில் யாரும் இதைக் கேட்கவில்லை. காதுத் தோட்டில் 12 இலக்க எண் தொங்குகிறது, அதைத் தட்டினால் ராணியின் அப்பன் யார் என்று தெரிந்துவிடும். 3,500 ரூபாய் வாங்குகிறவர்கள் அந்த ஒன்றைச் செய்யலாம்.

இப்போது அந்த 40 கிலோவுக்கு வருகிறேன்.

எங்களிடம் ஊசி போட்ட மூன்று எருமையும் மூன்று விதம். சுருட்டை நல்ல கட்டுமஸ்தான கிரேடு முர்ரா (முர்ரா ரத்தம் கலந்து ஏற்றியது), இது அவளுக்கு ஐந்தாம் ஈத்து, அதாவது ஐந்தாவது பிரசவம். ராணி சுருட்டையின் மகள், தலை ஈத்து. மூன்றாவது மலைச்சி. பர்கூர் மலையிலிருந்து வந்தவள், உருவம் சின்னது, இரண்டு லிட்டர் தாண்டாத பால், ஆனால் கொழுப்பு பார்க்கிற மிஷினே ஒரு தடவை நின்று யோசிக்கும். (பர்கூர் எருமை தனி இனம் என்று கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் பதிவு செய்துவிட்டது. அதற்குப் போய் முர்ரா ஊசி போடுகிறாயே என்று எங்கள் கால்நடை டாக்டர் திட்டினார். மலையில் அசல் கிடா கிடைக்கும்போது அதற்கே விடலாம் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது வேறு பஞ்சாயத்து.)

பிறந்த அன்றே, சீம்பால் கொடுத்து ஈரம் காய்ந்த பிறகு, கோணிப்பையில் உட்கார வைத்துத் தொங்கு தராசில் எடை பார்த்தோம். சுருட்டைக்குக் கிடாக்கன்று, 36 கிலோ. ராணிக்குக் கிடேரி, 27. மலைச்சிக்கும் கிடேரி, 23. ஒரே கிடா, ஒரே எண், ஒரே தேதி அச்சடித்த ஸ்ட்ரா. பதிமூன்று கிலோ வித்தியாசம்.

போன் ஆலோசனையில் கேட்டால், "மூணாவது எருமை நாட்டு எருமைங்க அக்கா, அதான்" என்றார்கள். அப்படியென்றால் நோட்டீஸில் அந்தக் கிடா படத்துக்குப் பக்கத்தில் எருமை படத்தையும் போட்டிருக்க வேண்டும். என் மாமியார் இதை ஊசி போடுகிற அன்றைக்கே சொல்லிவிட்டார். "எருமை ஒடம்புல இல்லாதத கிடா எங்கிருந்து கண்ணு கொண்டாரும்?"

அத்தை சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரிப் பயிற்சியில்தான் புரிந்தது. கன்றுக்கு மரபணுவில் பாதி அப்பன், பாதி ஆத்தா. இதில் சண்டை இல்லை. ஆனால் ஆத்தாள் அந்தப் பாதியோடு விடுவதில்லை. கருப்பையில் இடம் கொடுப்பது அவள், தொப்புள் வழியாகத் தீனி கொடுப்பது அவள், பிறந்த பிறகு சீம்பாலும் பாலும் அவள். அதனால் சின்ன வயசுக் கன்றின் எடையில் தாயின் கை இரண்டு முறை விழுகிறது. கிடாவின் கை ஒரே முறை.

பயிற்சியில் ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொன்னார்கள். 1938-ல் இங்கிலாந்தில் வால்டன், ஹாம்மண்ட் என்ற இரண்டு பேர் வெளியிட்டது. ஷயர் என்ற ராட்சசக் குதிரையையும் ஷெட்லாண்ட் என்ற குட்டை மட்டக்குதிரையையும் ஊசி வழியாகக் கலந்தார்கள். பெரிய குதிரை ஆத்தாளாக இருந்தபோது குட்டி பெரிதாகப் பிறந்தது, குட்டைக்குதிரை ஆத்தாளாக இருந்தபோது அதே கலப்புக் குட்டி அதில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு பக்கமும் மரபணு அதே பாதி பாதிதான். கருப்பை மட்டும்தான் வேறு. குட்டை ஆத்தாளின் வயிறு, 'இதற்கு மேல் வளராதே' என்று உள்ளேயே கட்டிப்போட்டிருக்கிறது. சின்ன மலைச்சிக்குப் பெரிய முர்ரா ஊசி போட்டும் அவள் கஷ்டமில்லாமல் ஈன்றதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ராணியின் கதையும் அதேதான், கொஞ்சம் மாற்றி. அவளிடம் முர்ரா ரத்தம் சுருட்டையை விடக் கூட. ஆனால் தலை ஈத்து. அவளே இன்னும் வளர்ந்துகொண்டிருந்தாள், தின்றதில் ஒரு பங்கு அவள் எலும்புக்கே போயிருக்கும். தலை ஈத்துக் கன்று எடை குறைவாக இருப்பது எருமை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். மூன்றாவது, நாலாவது ஈத்தில் கூடும். கிடாக்கன்று கிடேரியை விட ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகப் பிறக்கும். அப்புறம் எந்த மாசத்தில் ஈன்றாள், கடைசி இரண்டு மூன்று மாசம் பச்சைத் தீவனம் இருந்ததா என்பது. வயிற்றுக்குள் கன்று போடுகிற எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கம் அந்தக் கடைசிக் காலத்தில்தான். சுருட்டையின் 36 கிலோவில் ஐந்தாம் ஈத்து இருக்கிறது, கிடாக்கன்று என்பது இருக்கிறது, புரட்டாசி மழையில் வளர்ந்த கோ-4 புல் இருக்கிறது. இவ்வளவையும் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் அந்த நோட்டீஸ் கிடாவின் சம்பாத்தியம்.

இன்னொன்று, 40 கிலோ ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? முர்ராவில் 30 கிலோ சொச்சத்தில் பிறப்பதே நல்ல கன்று. ராணி மாதிரித் தலைச்சன் எருமைக்கு 40 கிலோ கன்று வயிற்றில் இருந்தால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டாக்டரைத் தேடி நாம்தான் ஓட வேண்டும். எருமைக்குப் பிரசவக் கஷ்டம் என்றால் பெரும்பாலும் கருப்பை முறுக்கிக்கொள்வதுதான், அதுவே போதும். மேலே கன்றின் எடையையும் ஏற்ற வேண்டியதில்லை. பிறப்பு எடையை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது சும்மா கண்ணைக் கவரத்தான்.

மூன்று மாதத்தில் 90 கிலோ என்பது அடுத்த வாக்குறுதி. எங்கள் கணக்கு இது: சுருட்டையின் கிடா 70, ராணியின் கிடேரி 56, மலைச்சியின் கிடேரி 61. பருத்தி மண்டியில் இருக்கிற தரைத் தராசில் நிறுத்தியது, அதனால் எடையில் சந்தேகம் வேண்டாம். 90 எதுவும் இல்லை. ஆனால் இங்கேதான் எனக்கு விஷயமே சுவாரசியமானது. பிறந்தபோது கடைசியாக இருந்த மலைச்சியின் கன்று ராணியின் கன்றைத் தாண்டிவிட்டது. 38 கிலோ ஏறியிருக்கிறது, மூன்றிலும் அதுதான் அதிகம். 36 கிலோவில் பிறந்த கிடாவே 34தான் ஏறினான்.

காரணம் மடிதான். மலைச்சி கறப்பதே இரண்டு லிட்டர், அதையும் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி என்ன வரப்போகிறது என்று பெரும்பாலும் கன்றுக்கே விட்டோம். கெட்டிப் பால். அவளும் நக்கி நக்கி நின்று கொடுப்பாள். சுருட்டை பத்து லிட்டர் கறக்கிறவள், அவள் கன்றுக்கு ஒரு காம்பு. அது எங்கள் வீட்டு வழக்கம். பல வீட்டில் கிடாக்கன்றுக்கு அந்த ஒரு காம்பும் கிடையாது, சுரப்பு விடுகிற வரைக்கும் முட்ட விட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். கிடா பெரிதாகப் பிறந்து சீக்கிரமே சூம்பிப்போவதற்குக் காரணம் எந்த மரபணுவும் இல்லை. ராணி தலைச்சன், முதல் மாசம் முழுக்க உதைத்தாள், கன்று முட்டினால் நகர்ந்துகொள்வாள். பாலும் குறைவு. கன்றுக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும் என்பார்கள். அதற்கு அது கிடைக்கவில்லை.

எங்கள் ஊரிலேயே இன்னொரு வீட்டில் அருமையான முர்ரா ஒன்று இருக்கிறது. நான் பார்த்ததிலேயே அழகான எருமை. இரண்டாம் ஈத்தில் மடிநோய் வந்து ஒரு காம்பு அடைத்துப்போனது. அதிலிருந்து எந்த ஊசி போட்டாலும் அவள் கன்று மூன்று மாசத்தில் இளைத்துதான் நிற்கிறது. அவளுடைய மரபணு மாறவில்லை, ஆனால் அந்தக் காம்பு இனி ஒவ்வொரு கன்றின் எடையிலும் வந்து நிற்கும். ஆராய்ச்சிக்காரர்கள் இதைத் தாயின் நிரந்தரச் சூழல் என்று தனிக் கணக்காக எடுக்கிறார்கள். நோட்டீஸ்காரர்கள் எடுப்பதில்லை.

சீம்பாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. இந்த பேக்கேஜின் கையேட்டில் அதற்கு ஒரு வரிதான் இருக்கிறது. எருமைக்கன்று நோய் எதிர்ப்புச் சக்தி எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது, நஞ்சுக்கொடி வழியாக அது போகாது. சீம்பாலில்தான் வர வேண்டும். குடலும் அதை முழுசாக உறிஞ்சிக்கொள்வது முதல் சில மணி நேரம்தான், ஒரு நாள் ஆகிவிட்டால் கதவு மூடிவிடும். நஞ்சு விழட்டும், அப்புறம் பால் கொடுக்கலாம் என்று காத்திருக்கிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஒரு பழக்கத்தை விட்டாலே இந்த 3,500 ரூபாயை விட அதிக லாபம்.

கையேட்டில் சுத்தமாக இல்லாத இன்னொன்று பூச்சி. எருமையின் உடம்புக்குள் உருண்டைப்புழுவின் குஞ்சுகள் சத்தமில்லாமல் இருக்கும், ஈன்றதும் பால் வழியாகக் கன்றுக்குப் போகும். அம்மா கொடுக்கிறதில் இதுவும் ஒன்று! இரண்டு வாரத்தில் கன்றுக்கு வயிறு மட்டும் உப்பி, சாணி களிமண் நிறத்தில் நாற்றமடித்தால் அதுதான். வயிறு உப்பியிருப்பதைப் பார்த்து நன்றாகக் குடிக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. பிறந்த பத்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் டாக்டரிடம் கேட்டு எடைக்குத் தக்க பூச்சி மருந்து கொடுத்துவிட வேண்டும். எடை தெரிய வேண்டுமே என்றால், அதற்குத்தான் அந்த டேப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அது என்ன லட்சணம் என்று பார்ப்போம்.

டேப்: வேஸ்ட். கலப்பினப் பசுவுக்கு அச்சடித்ததை எருமைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது ஓரத்தில் இருக்கிற படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தராசோடு ஒரு தடவையும் ஒத்துவரவில்லை. இதற்குப் பதில் தையல்கார டேப்பை எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றை அங்குலத்தில் எடுங்கள். தோள்முனையிலிருந்து பின் எலும்பு வரை நீளத்தையும் எடுங்கள். சுற்றை அதே சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்று 30, நீளம் 26 என்றால் 35 கிலோ சொச்சம். தராசுக்கு இது பக்கத்தில் வந்தது, மருந்து கணக்குக்குப் போதும்.

மினரல் மிக்சர் பரவாயில்லை, எங்கும் கிடைக்கிற சரக்கு. கன்றுத் தீவனம் சுமார். மூட்டையில் புரதம் 18 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். குட்டிக் கன்றுக்கு 20-க்கு மேல் இருக்க வேண்டும். யூரியா கலக்கவில்லை என்று எழுதியிருந்தது, அது நல்லது, கன்றின் இரைப்பைக்கு அதைத் தாங்கும் பக்குவம் வந்திருக்காது. குருணை சைஸ் சரியாக இருந்தது, கன்றுகள் மூக்கைச் சுளிக்காமல் தின்றன. இரண்டு வாரத்திலிருந்து கைப்பிடி கைப்பிடியாக வாயில் வைத்துப் பழக்கினோம். ஒரு மூட்டை மூன்று மாசத்துக்கு வரும் என்றார்கள், வராது.

ஒரு வயதில் என்ன ஆனது என்பதுதான் எனக்கு இந்த ஊசியைப் பற்றி மனசு மாறியதற்குக் காரணம். கிடாவைப் பத்தாம் மாசத்தில் விற்றுவிட்டோம். இரண்டு கிடேரிகளும் பால் மறந்த பிறகு ஒரே தொட்டியில், ஒரே தீவனத்தில்தான் வளர்ந்தன. ஒரு வயதில் ராணியின் கிடேரி 151 கிலோ, மலைச்சியின் கிடேரி 138. மூன்று மாசத்தில் ஐந்து கிலோ பின்னால் இருந்தவள் பதிமூன்று கிலோ முன்னால் போய்விட்டாள். பால் நின்றதும் ஆத்தாளின் கை மெல்ல விலகிவிட்டது, கன்று தன் சொந்த ரத்தத்தில் என்ன கொண்டுவந்ததோ அது பேச ஆரம்பித்துவிட்டது. ராணியின் மகளுக்கு இரண்டு பக்கமும் முர்ரா. மலைச்சியின் மகளுக்கு ஒரு பக்கம்தான். ஆக, கிடா நல்ல கிடாதான் போலிருக்கிறது. அதைக் காட்டுவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட வயசுதான் தப்பு.

இதை டாக்டரிடம் சொன்னேன். "மூணு கன்னை வெச்சு ஒரு கிடாவுக்குத் தீர்ப்பு எழுதாதம்மா" என்றார். அதுவும் சரிதான். ஹிசாரில் 1985-லிருந்து எருமைக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த மாதிரிப் பண்ணைகளில் வருஷக்கணக்காக ஒவ்வொரு கன்றுக்கும் எடை எழுதி வைக்கிறார்கள். ஒரே கிடாவின் கன்றுகள் பல தாய்களிடம் எப்படி, ஒரே தாயின் கன்றுகள் பல கிடாக்களுக்கு எப்படி என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தால்தான் எது கன்றின் மரபணு, எது தாயின் மரபணு, எது தாயின் சூழல் என்று கணக்கு வரும். பெரிய பண்ணைகளில் கன்றைப் பிறந்ததுமே பிரித்துப் புட்டியில் பால் கொடுப்பதும் உண்டு. அங்கே எல்லாக் கன்றுக்கும் அளந்த பால் என்பதால், தாயின் மடி கணக்கிலேயே வராது, கருப்பையும் சீம்பாலும் மட்டும்தான். நம் வீட்டில் முட்டிக் குடிக்கிற கன்றுக்கு அந்தப் பண்ணைக் கணக்கை அப்படியே போட முடியாது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நல்ல தாயாக இருக்கிற குணமே பரம்பரையில் வருவதுதான், அதில் தாயின் அப்பனுக்கும் பங்கு உண்டு. இந்தக் கிடா தன் மகளுக்கு எப்படிப்பட்ட மடியைக் கொடுத்திருக்கிறான் என்பது, அந்த மகள் ஈன்று அவள் கன்று வளரும்போதுதான் தெரியும். அதாவது பேரக்கன்று வந்தால்தான் தாத்தாவுக்கு முழு மார்க் போட முடியும். தன் கன்றை வேகமாக வளர்க்கிற ரத்தமும் நல்ல தாய்மை தருகிற ரத்தமும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதாகப் பல மாட்டு ஆராய்ச்சிகளில் வந்திருக்கிறது. வேகமாக வளருகிற கன்று மட்டும் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் மடியைக் கோட்டை விடலாம். பால் எருமை வளர்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2024 அக்டோபரில் எருமைக்கென்று 'மகிஷ் சிப்' என்ற மரபணுச் சோதனையை மத்திய அரசு வெளியிட்டது. கன்றாக இருக்கும்போதே ரத்த மாதிரியில் பார்த்துக் கிடாவின் தரத்தை ஓரளவு கணிக்கலாம், மகள்கள் கறக்கிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கம்பெனியிடம் அப்படி ஏதாவது மதிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். போனில் இருந்த பெண்ணுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. மறுநாள் கூப்பிட்டு, கிடாவின் தாய் எவ்வளவு கறந்தது என்ற ஒரு எண்ணை மட்டும் சொன்னார்கள். அது நல்ல எண்தான், அதை நோட்டீஸில் போட்டிருக்கலாமே! கிடாவின் தாய், சகோதரிகள், முடிந்தால் மகள்கள் எவ்வளவு கறந்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டும். கன்று சீக்கிரம் வளர வேண்டும்தான், 350 கிலோவைச் சீக்கிரம் தொட்டால் மூன்று வயசுக்குள் ஊசி போடலாம், இல்லாவிட்டால் நாலு வயசு வரை சும்மா தீனி. ஆனால் அதற்குப் பிறப்பு எடை தராசு ஆகாது.

ஸ்டார் கணக்குப்படி சொன்னால், ஊசி போடுகிற சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. ஸ்ட்ராவுக்கு நாலு. தீவனத்துக்கு இரண்டரை. டேப்புக்கு ஒன்று, அதுவும் மஞ்சள் கலர் நன்றாக இருக்கிறது என்பதற்காக. நோட்டீஸுக்குப் பூஜ்யம்.

யார் வாங்கலாம்? நல்ல உடம்புள்ள, மூன்றாவது ஈத்துக்கு மேல் போன, முர்ரா ரத்தம் ஏறிய எருமை இருந்து, பக்கத்தில் அரசு கால்நடை மருந்தகத்து ஊசி நேரத்துக்குக் கிடைக்காது என்றால் வாங்கலாம். ஊசி மட்டும் வாங்குங்கள். தலைச்சன் எருமைக்குப் பெரிய கன்று ஆசை காட்டுகிற எந்த ஊசியும் வேண்டாம். மிச்சமாகிற காசில் சினை எருமையைக் கடைசி இரண்டு மாசம் கறக்காமல் விட்டு, நாளைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ அடர்தீவனமும் பச்சைத் தீவனமும் போடுங்கள். அந்தத் தீனி கன்றின் எடையிலும் தெரியும், சீம்பாலிலும் தெரியும், அடுத்த கறவையிலும் தெரியும். கிடாவுக்குக் கொடுத்த காசு அதில் ஒன்றில்தான் தெரியும்.

பேக்கேஜ் வேண்டாம், ஸ்ட்ராவும் ஊசியும் மட்டும் என்ன விலை என்று கேட்டதற்கு முதலில் அப்படித் தர மாட்டோம் என்றார்கள். ஊர்க்காரர்கள் நாலு வீடாகச் சேர்ந்து கேட்டதும் 700 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள். சுருட்டைக்கு இந்தத் தடவை அப்படித்தான் போட்டிருக்கிறோம். மலைச்சிக்கு மலையிலேயே கிடா பார்த்தாகிவிட்டது.